ஒரே டப்பா சாம்பார் பொடி!

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசர அவசரமாக ஓர் அப்டேட் அனுப்பியது. புரோகிராமில் ஒரு வரி தவறுதலாக இரண்டு முறை இடம்பெற்றிருந்ததுதான் காரணம். நாம் திறக்கும் இணையதளம் அசல்தானா என்று பார்க்கும் சோதனையின் கடைசிக் கட்டத்தை அந்த வரி தாண்டிப் போகவைத்தது. பொது வைஃபையில் உட்கார்ந்திருக்கும் திருடன், அசல் தளம்போல நடித்து நம் தகவல்களைப் படிக்க வழி கிடைத்துவிட்டது.

‘இஃப்’ நிபந்தனைக்குப் பிறகு வரும் கட்டளையை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும் என்பது பல கம்பெனிகளில் உள்ள விதி. அந்த இடத்தில் அடைப்புக்குறி இல்லை. இருந்திருந்தால், கூடுதல் வரி உள்ளே விழுந்து தீங்கில்லாமல் போயிருக்கும். வெளியே விழுந்திருந்தால் சட்டென்று கண்ணில் பட்டிருக்கும்.

இப்படிப்பட்ட விதிகளைச் சரிபார்க்கவே மென்பொருள்கள் இருக்கின்றன. ஜாவாவுக்கு செக்ஸ்டைல், ஜாவாஸ்கிரிப்டுக்கு இஎஸ்லின்ட். சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? கம்பெனியில் ஐம்பது புராஜெக்ட் இருந்தால், விதிகள் எழுதிய ஃபைலை ஐம்பது இடத்தில் காப்பி செய்வார்கள். வேலையை முடிக்கும் அவசரத்தில் ஒரு டீம் ஒரு விதியைத் தளர்த்தும். இன்னொரு டீம் வேறொன்றை நீக்கும். மூன்று மகள்களுக்கும் அம்மா சாம்பார் பொடி அளவை எழுதிக் கொடுத்தாலும், சில வருஷத்தில் மூன்று வீட்டில் மூன்று ருசி வருவதில்லையா?

அம்மாவே அரைத்து டப்பாவில் அனுப்பினால் வம்பில்லை. இங்கேயும் அதுதான் வழி. செக்ஸ்டைல் விதிகளை ஒரு ‘ஜார்’ ஃபைலில் வைத்து, கம்பெனியின் பொதுக் கிடங்கில் ஏற்றிவிடலாம். ஒவ்வொரு புராஜெக்ட்டும் அந்த ஜாரின் பெயரையும் வெர்ஷன் எண்ணையும் தன் மேவன் ஃபைலில் குறித்தால் போதும். பில்டு ஓடும்போது விதிகள் தானாக வந்து சேரும்; விதி மீறினால் பில்டு அங்கேயே நிற்கும்படி அமைத்துக்கொள்ளலாம். இஎஸ்லின்டிலும் விதிகளைத் தனி பேக்கேஜாகப் பகிர வசதி உண்டு.

இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. வெர்ஷன் எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் புது விதி ஒன்று சேர்ந்த அன்று, எல்லா டீமின் பில்டும் ஒரே நேரத்தில் நின்றுவிடலாம். எண் குறித்திருந்தால் அவரவர் வசதிப்படி புது வெர்ஷனுக்கு மாறலாம். விதிவிலக்கு தேவைப்பட்டால், பொது விதியில் கை வைக்காமல் அந்தப் புராஜெக்ட்டில் மட்டும் காரணத்தோடு எழுதி வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டு ஐ.டி. பிள்ளையிடம் இன்று ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டுப் பாருங்கள்: “உங்க ஆபீஸ்ல பொடி ஒரே டப்பாவா, ஐம்பது டப்பாவா?”