எங்கள் பிள்ளையின் விளையாட்டுச் சாமான் பெட்டியில் ஒரு 'ட' ஏன் இல்லை?

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணியோடு உட்கார்ந்து வாசியுங்கள். கோபம் வந்தால் தாராளமாகத் திட்டுங்கள், ஆனால் கடைசி வரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நாம் சில ஆசிரியர்களும் சில தாய்மாரும் சேர்ந்து, பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்து, அந்த ஊல் நூலில் குரோஷே ஊசியால் தமிழ் எழுத்துகளைப் பின்னித் தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வருகிறோம். தொடங்கிய நாளிலிருந்து அறிவுரைக்குப் பஞ்சமில்லை. "டீச்சர்மாருக்கு வேற வேலை இல்லையா?" "கடையில மலிவா பிளாஸ்டிக் செட் இருக்குதே?" "பழைய துணிய புள்ள வாயில வைக்கிறதா?" "இதால புள்ள ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணுமா?" ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறோம். பிறகு எமக்கும் சில கேள்விகள் இருக்கின்றன.

முதலில் கடைக் கதை.

ஹட்டன் டவுனிலோ நுவரெலியா டவுனிலோ ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குள் போய் எழுத்துப் பொம்மை கேட்டுப் பாருங்கள். ஏ, பி, சி வரும். அமத்தினால் பாட்டுப் படிக்கும் ஏ, பி, சி வரும். குளிக்கும்போது சுவரில் ஒட்டும் ஏ, பி, சி கூட வரும். 'அ' இருக்கிறதா என்று கேட்டால், சுவரில் தொங்கவிடும் எழுத்து அட்டை ஒன்றைத் தருவார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை கையில் பிடிக்க, கடிக்க, தூக்கி எறிய, பிறகு போய்ப் பொறுக்கி எடுக்க ஒரு தமிழ் எழுத்து நாம் ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கடைக்காரரில் எம்மவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்கிற சாமானைத்தான் கடைக்காரர் இறக்குவார். நாம் கேட்கவில்லை.

நாம் இங்கிலீசுக்கு எதிரானவர்கள் இல்லை. எமது பிள்ளைகள் மூன்று மொழியும் படிக்க வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். தோட்டத்து லயத்தில் தாலாட்டு தமிழில். ஜும்மாவில் குத்பா தமிழில். சந்தையில் பேரம் தமிழில். முதலாம் தரத்தில் கையில் கொடுக்கும் புத்தகமும் தமிழில். அந்தப் பிள்ளை கையில் பிடிக்கும் முதல் எழுத்து மட்டும் வேறொரு மொழியில். நாளெல்லாம் அம்மா பேசுகிற பேச்சுக்கும் எழுத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று அந்தப் பிள்ளைக்கு நாமே சொல்லிக் கொடுக்கிறோம். முஸ்லிம் வீடு, ஹிந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று இதில் வித்தியாசம் இல்லை. மலையகத்தில் எம் எல்லோரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது இந்த மொழிதான்.

அடுத்தது, "இதால் பிள்ளை படிக்குமா?"

நேராகவே சொல்கிறோம். பஞ்சு போன்ற ஒரு 'ட' வைக் கடித்ததால் எந்தக் குழந்தையும் வாசிக்கப் பழகாது. அப்படிச் சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். குழந்தைக்கு அது கைக்கு ஒரு சாமான். அதைக் காட்டி அம்மா "இந்தா டமாரம், டம் டம்" என்று பேசுகிறாரே, வேலை செய்வது அந்தப் பேச்சு. எழுத்தின் வடிவம் கைக்குப் பழகுவது கூடுதல் இலாபம்.

இது எமது கண்டுபிடிப்பும் இல்லை. ஜேர்மனியில் பாட் பிளாங்கன்பேர்க் என்ற ஊரில் 1837 இல் சிறு பிள்ளைகளுக்கென்று ஒரு நிலையம் தொடங்கி, 1840 இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தவர் பிரெட்ரிக் புரோபல். இன்று ஊருக்கு ஊர் நாம் நேசரி என்று நடத்துவதற்கு அவர்தான் முன்னோடி. குழந்தைக்கு முதலில் கொடுக்க வேண்டியது என்று அவர் தேர்ந்தெடுத்தது என்ன தெரியுமா? ஊல் நூலால் மூடிய ஆறு மெதுவான பந்துகள். சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. பென்சிலும் கொப்பியும் அந்த வயதுக்கு அவர் கொடுக்கவில்லை.

மரியா மொண்டிசோரி அம்மையாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1907 இல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் தொடங்கிய இடம், தாயும் தகப்பனும் வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைகளைப் பார்ப்பதற்காகத் திறந்தது. அதாவது எமது பிள்ளை மடுவம் மாதிரி ஒன்று. அங்கேதான் அவர் சொரசொரப்பான தாளில் எழுத்துகளை வெட்டி, விரலால் தடவிப் பார்க்கக் கொடுத்தார். கண்ணுக்கு முன்னால் கை படிக்கும் என்பது அவர் கண்டது. பின்னாளில் உலக யுத்த காலத்தில் கொடைக்கானல் மலையில் தங்கியிருந்தும் அவர் வேலை செய்தார். எம்மைப் போன்ற மலைக் குளிரில்தான்.

ஆனால் இங்கே என்ன நடக்கிறது? மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து, பெருவிரல் வலிக்க வலிக்க ஒரு பக்கம் 'அ' எழுத வைக்கிறோம். எழுதாவிட்டால் "இந்தப் புள்ள மொக்கு" என்று அம்மாவிடம் சொல்கிறோம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பயம் இப்போது நேசரி வரை இறங்கி வந்துவிட்டது. எழுத்துப் பொம்மையையும் இன்னொரு பாடமாக்கி, "இது என்ன எழுத்து? சொல்லு, சொல்லு" என்று பிள்ளையை மடக்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து எமது பொம்மை உங்களுக்கு வேண்டாம்.

மூன்றாவது, "பழைய நூல், அழுக்கு, ஆபத்து." இந்தக் கேள்வியை நாம் மதிக்கிறோம். இதில் சமாளிப்பு இல்லை.

பேல் பஜாரில் வாங்கிய ஸ்வெட்டர் முழங்கையில் கிழிந்தால் நாம் என்ன செய்கிறோம்? கால் துடைக்கப் போடுகிறோம், அல்லது எரிக்கிறோம். ஒரு பெரிய ஆளின் ஸ்வெட்டரைப் பிரித்தால் பல எழுத்துகளுக்கு நூல் வரும். வீண்விரயத்தைக் குர்ஆன் கண்டிக்கிறது என்று மேடையில் பேசுகிறோம். அது வீட்டு அலுமாரிக்குள்ளும் பொருந்தும்.

பிரித்த நூலைச் சுடுதண்ணியில் சவர்க்காரம் போட்டு அலசி, கட்டாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். பறக்கும் முடியுள்ள நூல் வேண்டாம், குழந்தை வாய்க்குள் போகும். இழுத்தால் அறுகிற நூலும் வேண்டாம். இறுக்கமாகப் பின்ன வேண்டும், விரல் நுனி கண்ணிக்குள் போகக் கூடாது. பொத்தான், மணி, பிளாஸ்டிக் கண் எதுவும் தைக்கக் கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் சாமானைச் சோதிக்க வெளிநாடுகளில் 31.7 மில்லிமீற்றர் அகலமான ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. ஆகவே தாய்மாரே, மெய்யெழுத்தின் புள்ளியைத் தனி உருண்டையாகப் பின்னாதீர்கள். குழந்தைக்குப் புள்ளி இல்லாத க, ச, ட போதும். தொங்கும் கயிறு வைக்காதீர்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை தூங்கும்போது எந்த மெதுவான பொம்மையும் தொட்டிலிலோ பாயிலோ இருக்கக் கூடாது.

இன்னொன்று, எமது மலைக்கே உரியது. இணையத்தில் காட்டும் பொம்மைகள் எல்லாம் பஞ்சு அடைத்துக் கொழுகொழு என்று இருக்கும். மழை மாதத்தில் அந்தப் பொம்மை இங்கே காய நாள் கணக்காகும். காயாத பஞ்சுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் நாம் பஞ்சு அடைப்பதில்லை. ஒரே எழுத்தை இரண்டு தட்டையாகப் பின்னி, ஒன்றன் மேல் ஒன்றை வைத்து ஓரம் பின்னுகிறோம். அடுப்படிக் கொடியில் ஓரிரவில் காய்ந்துவிடும். எல்லா எழுத்தும் பின்ன வேண்டும் என்றும் இல்லை. 247 ஐக் கேட்டுப் பயப்படாதீர்கள். 12 உயிரும் 18 அகர வரிசை எழுத்தும், மொத்தம் 30. அதிலும் நேர்கோட்டில் வருகிற ட, ப இரண்டில் தொடங்குங்கள். 'அ' வளைவுக்குக் கை பழக வேண்டும். 'ண' வுக்குப் பொறுமை வேண்டும்.

உருவப் பொம்மை கூடுமா என்று ஒரு சகோதரர் கேட்டார். நாம் பின்னுவது உருவம் இல்லை, எழுத்து. அந்தப் பேச்சு இங்கே வரத் தேவையே இல்லை.

இனி எம்மை உண்மையில் சூடாக்கிய விஷயத்துக்கு வருகிறோம்.

பொம்மைகளைப் பார்த்த ஒரு வியாபாரி எம்மிடம் வந்தார். "நல்லா இருக்கு, வெள்ளைக்காரன் வாங்குவான். தோட்டத்துப் பொம்பளைங்க பொழுது போகாமத்தானே இருக்காங்க, துண்டுக்கு அம்பது ரூபா குடுத்தா சந்தோசமா செய்வாங்க" என்றார். எம்மோடு படித்த சிலரும் தலையாட்டினார்கள். அவர் பெயர் இங்கே தேவையில்லை. அந்த எண்ணம் எம் எல்லோரிடமும் இருக்கிறது.

பொழுது போகாமல் இருக்கிறார்களா? விடிய முன் எழும்பி, ரொட்டி தட்டி, பிள்ளையை மடுவத்தில் விட்டு, அட்டை கடியோடு மலை ஏறி, கொழுந்து நிறுத்து, திரும்பி வந்து தண்ணி தூக்கி, விறகு உடைத்து, சமைத்துப் போட்டுப் படுக்கிற பெண்ணுக்கா பொழுது போகவில்லை?

கணக்கைப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. அது போதாது என்று நாம் எல்லோரும் சொன்னோம். எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு ஏறத்தாழ 169 ரூபா. எமது கையில் ஒரு 'ட' முடிய இரண்டு மணித்தியாலம், ஓர் 'அ' முடிய நான்கு. அந்தப் போதாத சம்பளக் கணக்கிலேயே 'ட' வுக்குக் கைக்கூலி 338 ரூபா, 'அ' வுக்கு 675 ரூபா. ஐம்பது ரூபா எங்கிருந்து வந்தது?

குரோஷேயைக் கையால் மட்டும்தான் பின்னலாம். ஸ்வெட்டர் நெய்ய மெஷின் உண்டு, உண்மையான குரோஷேக்கு மெஷின் சந்தையில் இல்லை. ஆகவே உலகத்தில் எங்கேயாவது மலிவாக ஒரு குரோஷேச் சாமான் தொங்கினால், அங்கே ஒரு பெண்ணின் மணித்தியாலங்கள் களவு போயிருக்கின்றன.

இது நடந்த கதை. ஆந்திராவின் நரசாப்பூரில் மிஷனரிமார் பழக்கிவிட்ட குரோஷே லேஸ் வேலை பெரிய ஏற்றுமதியானது. மரியா மீஸ் என்ற ஜேர்மன் ஆய்வாளர் அந்தப் பெண்களைப் பற்றி 1982 இல் ஒரு புத்தகமே எழுதினார். நாளுக்கு ஆறு, எட்டு மணித்தியாலம் பின்னியவர்களை எல்லோரும் "வீட்டுப் பெண்கள், ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள்" என்றே சொன்னார்கள். ஓய்வு நேரம் என்று பெயர் வைத்ததால் கூலி கொடுக்கத் தேவையில்லாமல் போனது. ஏற்றுமதிக்காரர் வளர்ந்தார்கள், பின்னியவர்கள் அப்படியே இருந்தார்கள்.

வேறு வழியும் இருக்கிறது. பங்களாதேஷில் 2004 இல் தொடங்கிய 'ஹாத்தே புனானோ' என்ற நிறுவனம், கிராமங்களுக்குள்ளேயே வேலைத்தலம் வைத்து, பெண்களின் கையால் குழந்தைப் பொம்மை பின்னி 'பெபிள்' என்ற பெயரில் பல நாடுகளுக்கு அனுப்புகிறது. எம்மைப் போன்ற ஏழை நாட்டுக் கிராமத்துப் பெண்கள்தான். ஓய்வு நேரக் கைவேலை என்ற பெயரில் அது ஒதுக்கப்படவில்லை.

எமது மூத்தவர்களுக்குக் கம்பளி என்றால் என்னவென்று தெரியும். கடனுக்குக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்தார்களே, அந்தக் கம்பளி. அதே கதையை இன்னொரு கம்பளி நூலில் நாமே எழுதப் போகிறோமா?

இப்போது எமது கேள்விகள்.

பிள்ளை மடுவங்களை நடத்துவோரே, நன்கொடையாக வந்த பொம்மைகள் ஏன் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன? பெரியவர்கள் பார்க்க வரும் நாளில் மட்டும் ஏன் வெளியே வருகின்றன? பிள்ளை கடித்து, அழுக்காக்கி, கிழித்தால்தான் அது பொம்மை. கிழிந்தால் நாம் இன்னொன்று பின்னித் தருவோம்.

டவுன் வியாபாரிகளே, கிழிந்து ஒதுக்கிய ஸ்வெட்டர்களை ஏன் குப்பைக்குக் கொடுக்கிறீர்கள்? எமக்குத் தாருங்கள்.

பள்ளிவாசல், கோயில், சேர்ச் நிர்வாகத்தினரே, நேசரிப் பரிசளிப்புக்கு வாங்கும் பிளாஸ்டிக் கோப்பைக்குப் பதிலாக, கைக்கூலி கொடுத்து ஓர் எழுத்துப் பொம்மை வாங்க முடியாதா?

அதிபர்மாரே, செயன்முறைப் பாடத்தில் ஆண் பிள்ளைகளுக்கும் இந்த ஊசியைக் கொடுக்க என்ன தடை? டெய்லர் கடையில் மெஷின் மிதிப்பது ஆம்பளை வேலை என்றால், இது மட்டும் எப்படிப் பொம்பளை வேலையானது?

உதவி செய்ய வரும் அன்பர்களே, போட்டோ எடுங்கள், பரவாயில்லை. ஆனால் பொம்மையை வாங்கும் பிள்ளையின் முகத்தைப் போடாதீர்கள். பின்னியவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதைப் போடுங்கள்.

வீட்டில் எமது பிள்ளைக்கு நாம் பின்னுவது அன்பு, அதற்கு விலை இல்லை. பிறருக்குப் பின்னச் சொன்னால் அது வேலை, அதற்குக் கூலி உண்டு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

சனிக்கிழமை பின்னேரங்களில் நாம் பாடசாலையில் கூடுகிறோம். குரோஷே ஊசி எம்மிடம் இருக்கிறது. தெரியாதவர்களுக்குச் சொல்லித் தருவோம், ஆண்களும் வரலாம். கழுவிக் காய வைத்த ஒரு பழைய ஸ்வெட்டரோடு வாருங்கள். முதல் நாளில் 'ட' மட்டும்தான்.

சரி என்று பட்டால் மற்றவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.