வேலிக்கு வெளியே நிற்பவர்கள்

அந்நிய தேசங்களுக்குப் பிரயாணம் போகிறவர்களில் பெரும்பாலோர் கோயிலையும் கோட்டையையும் கடைவீதியையும் தேடிப் போக, அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஊருக்குப் புறத்தே ஏதோவொரு ராணுவ விமானதளத்தின் கம்பிவேலி ஓரத்தில், கழுத்தில் காமிராவும் கையில் பைனாகுலரும் சட்டைப்பையில் சிறு நோட்டுமாக, மழை வெயில் பாராமல் நாள்முழுதும் காத்து நிற்பதற்கென்றே விமானச்சீட்டு வாங்குகிற ஒரு கூட்டம் உலகத்தில் உண்டு. ஓடுபாதையை விட்டுக் கிளம்பும் யுத்தவிமானத்தின் வாலில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்து நோட்டில் குறித்துக்கொள்வதும், வெளிச்சம் வாய்த்தால் ஒரு படம் எடுத்துக்கொள்வதுமே அவர்களுக்குப் பரமானந்தம். அதனால் காசு கிடைப்பதில்லை. தங்கள் சகபாடிகளுக்கு வெளியே பேர் கிடைப்பதுமில்லை. ஸ்பாட்டர்கள் என்று உலகம் அழைக்கும் இந்த அபிமானிகளைக் கண்டு சிரிப்பவர்களும் உண்டு, சிறையில் போடுகிறவர்களும் உண்டு. இவர்கள் நிற்பதற்கு ஓர் இடம் காட்டிவிடுகிற அரசாங்கம், இவர்களைத் துரத்துகிற அரசாங்கத்தைவிடத் தன் ரகசியங்களை நன்றாகக் காத்துக்கொள்கிறது என்பது என் அபிப்பிராயம்.

2001-ஆம் வருஷம் நவம்பர் 8-ஆம் தேதி, கிரேக்க தேசத்தின் தென்பகுதியிலுள்ள கலமாட்டா விமானப்படைத் தளத்தில், பொதுஜனங்களுக்கென்று கதவு திறந்துவிடப்பட்ட ஒரு நாளன்று உள்ளே போயிருந்த பன்னிரண்டு பிரிட்டிஷாரும் இரண்டு டச்சுக்காரர்களும் கைது செய்யப்பட்டு, உளவாளிகள் என்ற குற்றம் சாட்டப்பட்டு, ஐந்து வாரகாலம் சிறையிலிருந்த பின்னரே ஜாமீனில் வெளிவந்தார்கள். அடுத்த வருஷம் ஏப்ரல் மாதம் நடந்த விசாரணையின் முடிவில் எட்டுப் பேருக்கு மூன்று வருஷச் சிறையும், மற்ற ஆறு பேருக்கு உடந்தையாயிருந்ததற்காக நிறுத்திவைக்கப்பட்ட ஓராண்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டன. இரண்டு தேசங்களின் வெளிவிவகார மந்திரிகள் வரையில் போன இந்த விவகாரம், அந்த வருஷம் நவம்பரில் மேல்முறையீட்டு நீதிஸ்தலம் அவர்களை நிரபராதிகள் என்று விடுவித்ததோடு ஒருவாறு ஓய்ந்தது.

அன்றைய பிரிட்டிஷ் பத்திரிகைகள் இதைக் கிரேக்கர்களின் மூடத்தனம் என்று ஏளனம் செய்தன. அந்த ஏளனத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆறு மைல் கடலெல்லையும் பத்து மைல் வானெல்லையும் கிரேக்கம் உரிமை கொண்டாட, பத்து மைல் கணக்கைத் துருக்கி ஒப்புக்கொள்ளாதிருக்க, ஏஜியன் கடலின் மேல் இரு தேசத்து யுத்தவிமானங்களும் ஒன்றையொன்று துரத்துவது நித்தியக் காட்சியாகிவிட்ட பிரதேசம் அது. 1996 அக்டோபரில் கீயோஸ் தீவுக்கு அருகே ஒரு துருக்கிய எஃப்-16 கடலில் விழுந்து அதன் விமானிகளில் ஒருவர் மாண்டும் இருக்கிறார். நியூயார்க் கோபுரங்கள் வீழ்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத வேளையில், அப்படிப்பட்ட தேசத்துக் காவலாளி ஒருவன், நடுவயதுப் பரதேசிகள் சிலர் தன் தளத்து விமானங்களின் எண்களை வரிசையாக எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, ‘இது வெறும் பொழுதுபோக்கு’ என்று நம்பவேண்டுமென்றால் அதற்கு அசாதாரணமான கற்பனாசக்தி வேண்டும். யாருக்கும் விற்கப்போவதில்லை, எங்கும் அச்சிடப்போவதில்லை என்றால், ஒருவன் எதற்காக ஆயிரம் மைல் கடந்து வந்து எண்களைக் குறிக்கிறான்?

இந்தக் கேள்விக்கு விடை பிரிட்டனின் சரித்திரத்தில் இருக்கிறது. 1940-இல் ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தைத் தாக்கியபோது, கடற்கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட விமானங்களை ரேடார் பின்தொடர இயலாத நிலையில், வயல்வெளிகளிலும் மேடுகளிலும் நின்று, உருவத்தையும் ஓசையையும் வைத்தே எதிரி எது, நம்முடையது எது என்று பிரித்தறிந்து டெலிபோனில் சொன்னவர்கள், கண்காணிப்புப் படையில் சேர்ந்திருந்த கடைக்காரர்களும் விவசாயிகளும்தாம். 1941-இல் அரசர் அந்தப் படைக்கு ‘ராயல்’ என்ற பட்டத்தை அளித்தார். அதே வருஷத்தில் விமானங்களின் நிழலுருவங்களைக் கற்பிக்கும் பத்திரிகையொன்றும் வெளிவரலாயிற்று; பள்ளிக்கூடத்துப் பையன்கள் அதை நெட்டுருப் போட்டார்கள். யுத்தம் ஓய்ந்தது, பழக்கம் ஓயவில்லை. அவர்களுடைய பேரன்மார்தாம் இன்று வேலியோரங்களில் நிற்கிறார்கள். பாட்டன் தேசபக்தியாகச் செய்ததைப் பேரன் விளையாட்டாகச் செய்ய, அதே விளையாட்டு வேறொரு தேசத்தில் துரோகமாகக் கருதப்பட்டது என்பதே கலமாட்டாவில் நடந்தது.

எண்களில் அப்படி என்ன ரசம் என்று கேட்கலாம். அமெரிக்க யுத்தவிமானத்தின் எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் அது எந்த நிதியாண்டின் கணக்கில் வாங்கப்பட்டது என்பதைச் சொல்லும், வாலிலுள்ள இரண்டு எழுத்துக்கள் அதன் இருப்பிடத்தைச் சொல்லும், எல்.என். என்றிருந்தால் இங்கிலாந்திலுள்ள லேக்கன்ஹீத். விஷயமறிந்தவர்களுக்கு அந்த நாலைந்து எழுத்துக்களிலேயே ஒரு யந்திரத்தின் ஜாதகம் முழுதும் அடங்கியிருக்கிறது. இவர்கள் தங்கள் தேசத்தை விட்டு வெளியே போவதற்கும் காரணம் உண்டு. பணக்கார தேசங்கள் கழித்துவிட்ட பழைய விமானங்கள் வேறு தேசங்களில் இன்னும் பறந்துகொண்டிருக்கின்றன. 1958-இல் முதன்முதலாகப் பறந்த ஃபான்டம் விமானத்தை ஜெர்மனி 2013-இலும் தென்கொரியா 2024-இலும் ஓய்வுபெறச் செய்துவிட்டன. கிரேக்கத்தின் ஆண்ட்ராவிடா தளத்தில் அது தொடர்ந்து பறந்தது. கடைசிப் பெரிய யானையைப் பார்க்கக் காட்டுக்குப் போகிறவனைப் போல ஸ்பாட்டர்கள் அங்கே போனார்கள். கோர்ஸேர் என்ற வேறொரு பழைய விமானத்தின் கடைசி யாத்திரை 2014 அக்டோபரில் அராக்ஸோஸ் தளத்தில் நடந்தது. 2022-இல் அதே தளத்தில் நேட்டோ தேசங்களின், புலியைச் சின்னமாகக் கொண்ட படைப்பிரிவுகள் கூடியபோது, ஸ்பாட்டர்களுக்கென்று தனி நாளே ஒதுக்கி அவர்களை ஓடுபாதையருகே நிற்கவைத்தது கிரேக்கம். ஏறக்குறைய இருபது வருஷத்தில் சிறையிலிருந்து விருந்துக்கு வந்துவிட்டது விஷயம். அதனால் கிரேக்கத்தின் பாதுகாப்புக்குக் குந்தகம் வந்ததாக யாரும் சொல்லக் காணோம்.

இடம் காட்டிவிடுகிற சாமர்த்தியத்தில் டச்சுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். லேயுவார்டன், வோல்கல் தளங்களின் வேலிக்கு வெளியே, பார்ப்பவர்களுக்கென்றே மண்மேடு உண்டு. வேல்ஸ் தேசத்து மலைகளில், டோல்கெல்லௌவுக்கும் மாகின்லெத்துக்கும் நடுவிலுள்ள பள்ளத்தாக்குகளில் விமானிகள் 250 அடி உயரத்தில் பறந்து பயிற்சி பெறுவதால், மலைச்சரிவில் உட்கார்ந்திருக்கிறவன் யுத்தவிமானத்தின் முதுகைக் குனிந்து பார்க்கலாம். அதற்குச் சீட்டும் இல்லை, காவலும் இல்லை. சுவிட்சர்லாந்தின் ஆக்ஸால்ப் மலையிலோ, அக்டோபர் குளிரில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறிப்போய், எதிர்ப்பாறையில் வைத்த இலக்கை விமானங்கள் நிஜக் குண்டுகளால் சுடுவதைக் கண்டு களிக்கிறார்கள். ஜப்பானில் ராணுவமும் பயணிகளும் ஓடுபாதையைப் பங்கிட்டுக்கொள்ளும் இபராக்கி நிலையத்தின் பார்வை மாடத்துக்கு, நேரே பார்த்தால் தெளிந்தும் ராணுவப்பக்கம் சாய்ந்து பார்த்தால் மங்கியும் தோன்றும் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். காட்டவேண்டியதைக் காட்டி மறைக்கவேண்டியதை மறைக்கும் அந்த நாசூக்கை நான் மிகவும் வியக்கிறேன். ஒகினாவாவில் இருக்கும் கடேனா அமெரிக்கத் தளத்துக்கு எதிரே, ‘பாதுகாப்பு உடன்படிக்கையைப் பார்க்கும் குன்று’ என்று ஜனங்கள் பெயரிட்ட ஒரு மேடு உண்டு. பக்கத்திலுள்ள சாலையோர இளைப்பாறுமிடத்தின் மாடியில் விமான அபிமானியும், இரைச்சலால் உறக்கமிழந்து அந்தத் தளமே கூடாது என்கிற ஊர்க்காரனும் ஒரே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஒரே விமானத்தைப் பார்க்கிறார்கள்.

இந்தப் பார்வையால் ஜனங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லையென்று தள்ளிவிடவும் முடியாது. 2001-க்குப் பிறகு அமெரிக்க உளவு ஸ்தாபனம், சந்தேகத்துக்கு ஆளானவர்களை எந்த நீதிஸ்தலத்துக்கும் கொண்டுபோகாமல் ரகசியச் சிறைகளுக்கு ஆகாயமார்க்கமாக அனுப்பிவந்தபோது, அதற்கு உபயோகப்பட்ட விமானங்களின் போக்குவரத்தைப் பத்திரிகைக்காரர்கள் துப்புத் துலக்குவதற்கு உதவியவை, மயோர்க்கா முதலிய இடங்களில் ஸ்பாட்டர்கள் எவ்வித உத்தேசமுமின்றி எடுத்துவைத்திருந்த படங்களும் எண்குறிப்புகளும்தாம். 2004 ஜனவரியில் காலித் எல்-மஸ்ரி என்ற ஜெர்மானியப் பிரஜை, வேறொருவராகத் தவறாகக் கருதப்பட்டு, மாசிடோனியாவிலிருந்து ஆப்கானிஸ்தானத்துக்குக் கடத்தப்பட்ட விமானம் அப்படிப் படம் பிடிக்கப்பட்டவற்றில் ஒன்று. 2012-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருக்கு அநியாயம் இழைக்கப்பட்டது என்று தீர்ப்பளித்தது.

இவ்வளவு பரிந்து பேசுவதனால், பிரயாணி செய்வதெல்லாம் சரியென்று நான் சொல்வதாகக் கொள்ளலாகாது. தன் ஊரில் எது அனுமதிக்கப்பட்டதோ அது எங்கும் அனுமதிக்கப்பட்டது என்று எண்ணுவது விருந்தாளிக்கு அழகல்ல. 2015 பிப்ரவரியில் ஐக்கிய அரபு எமிரேட்டுகளின் புஜைரா விமானநிலையத்தருகே மூன்று பிரிட்டிஷார் பிடிபட்டு இரண்டு மாதம் சிறையிலிருந்தார்கள். அவர்களை இழுத்தது அங்கே நிறுத்திவைக்கப்பட்டிருந்த பழைய விமானங்கள். உலகத்தின் இன்றைய நிலையும் வேறு. 2025 ஜூனில் சைப்ரஸிலுள்ள அக்ரோட்டிரி பிரிட்டிஷ் தளத்தை வேவு பார்த்ததாக ஒருவர் கைதானார். காமிராவை ஏந்துகிறவர்களில் மெய்யான உளவாளி இல்லவே இல்லை என்று யார் பிணை நிற்க முடியும்? யுத்தகாலத்தில் எந்த விமானம் எத்தனை மணிக்கு எத்திசை நோக்கிக் கிளம்பியது என்பதைக் கைப்பேசியில் உடனுக்குடன் உலகத்துக்கு அறிவிக்கிறவன், அது தன் விளையாட்டென்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாகாது. படத்தை எடுத்துக்கொள்ளட்டும், ஒருவாரம் கழித்து வெளியிடட்டும்.

நம் தேசத்துக்கு வருவோம். 2010 பிப்ரவரியில் டெல்லி விமானநிலையத்தருகே ஒரு ஹோட்டல் அறையிலிருந்து, பயணி விமானங்களையே பார்த்தும் விமானிகளின் சம்பாஷணையைக் கேட்டும் கொண்டிருந்த இரண்டு பிரிட்டிஷார் பிடிபட்டு, ஏறக்குறைய இரண்டு மாதத் தொல்லைக்குப் பின் அபராதத்தோடு விடுபட்டார்கள். நம்மிடம் இன்றும் அமலிலிருப்பது 1923-ஆம் வருஷத்து அரசாங்க ரகசியச் சட்டம். தடைசெய்யப்பட்ட இடத்தை அணுகியவனுடைய உத்தேசம் கெட்டதென்று நேரடியாக நிரூபிக்காமலே, அவனுடைய நடத்தையிலிருந்தும் சந்தர்ப்பத்திலிருந்தும் ஊகித்துக்கொள்ளலாம் என்று அது சொல்கிறது. ராணுவ விஷயமென்றால் பதினான்கு வருஷம் வரை சிறை. ஸ்பாட்டர்கள் மலிந்த பிரிட்டனே நமக்கு விட்டுச்சென்ற சட்டம் இது என்பதும், அந்தப் பிரிட்டன் தன் உளவுச் சட்டத்தை 2023-இல் புதிதாக எழுதிக்கொண்டுவிட்டது என்பதும் ஒரு வேடிக்கை. புனே, ஸ்ரீநகர், லே, ஜோத்பூர் என்று விமானப்படையும் பயணிகளும் பங்கிட்டுக்கொள்ளும் நிலையங்கள் நம்மிடம் பல. 2025 மே மாதத்தில், மேற்கெல்லையை ஒட்டிய தளங்களில் விமானம் 10,000 அடியைத் தாண்டும்வரை ஜன்னல் திரைகளை இறக்கி வைக்கவேண்டுமென்று உத்தரவு வந்தது. பாகிஸ்தானோடு மோதல் நடந்த மாதத்தில் அது நியாயமே. ஆனால் சாதாரண காலத்திலும் எது குற்றம், எது குற்றமில்லை என்று ஒரு வெளிநாட்டுப் பிரயாணி தெரிந்துகொள்ள, எளிய பாஷையில் ஒரு தாள்கூட நாம் அச்சிட்டுக் கொடுப்பதில்லை.

நஷ்டம் நமக்கும் உண்டு. 1963-இல் நம் விமானப்படையில் சேவைக்கு வந்த மிக்-21 விமானம் 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் விடைபெற்றது. ருமேனியாவும் குரோஷியாவும் அதற்கு முன்னமேயே தங்களுடையவற்றை நிறுத்திவிட்ட நிலையில், அந்தக் கடைசி வருஷத்தில் ஓரிரு நாளேனும் மேடு அமைத்து அனுமதித்திருந்தால், ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் எவ்வளவு பேர் வந்திருப்பார்கள் என்பதை அராக்ஸோஸில் கூடியவர்களைக் கொண்டு ஊகிக்கலாம். பெங்களூர் யெலஹங்காவில் இரண்டு வருஷத்துக்கொருமுறை நடக்கும் கண்காட்சி போதாதா என்றால், போதாது. அது வியாபாரச் சந்தை.

2024 ஆகஸ்டில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் தேசங்களின் விமானங்கள் நம் கோயம்புத்தூரை அடுத்த சூலூருக்கே வந்து நம் விமானப்படையோடு பயிற்சி செய்தன. அடுத்த முறை அப்படி வரும்போது, ராணுவ இலாகா சூலூர் வேலிக்கு வெளியே ஒரு மேட்டை ஒதுக்கி, பாஸ்போர்ட்டையும் ஆதாரையும் வாசலிலேயே பதிவு செய்து, இன்ன திசையில் காமிராவைத் திருப்பலாகாது, இத்தனை நாளைக்கு முன் படத்தை வெளியிடலாகாது என்று தமிழிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் ஒரு பலகை நட்டு, இரண்டு காவலர்களையும் நிறுத்தி, உள்ளூர்ப் பையனுக்குப் பத்து ரூபாயும் வெளிநாட்டானுக்கு ஐயாயிரமும் கட்டணம் வசூலிக்கட்டும். யார் யார் வந்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்ற பட்டியல், உளவு இலாகா ஒரு சிரமமும் படாமலே அதன் மேஜைக்கு வந்து சேர்ந்துவிடும்.