மாணவர் செயற்றிட்டங்கள்: தோல்விகளும் பதிவாகட்டும்

நமது பொறியியல் பீடங்களில் ஆண்டுதோறும் ரொபோக்களும் மின்னணுக் கருவிகளும் உருவாக்கப்படுகின்றன. பத்திரிகைகளும் அவற்றைப் 'புதிய கண்டுபிடிப்பு' என்று நிழற்படத்துடன் வெளியிட்டு மகிழ்கின்றன. ஆனால், அடுத்த ஆண்டு அந்தக் கருவிக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பார் அரிது. வாய்மொழிப் பரீட்சை முடிந்து புள்ளிகள் இடப்பட்டதும் செயற்றிட்டத்தின் ஆயுளும் முடிந்துவிடுகிறது. அடுத்த அணியினர் மீண்டும் அரிவரியிலிருந்து தொடங்குகின்றனர்.

வெண்தரையில் வரையப்பட்ட கருங்கோட்டைப் பின்தொடரும் ரொபோவை எடுத்துக்கொள்வோம். அதன் அடியிலுள்ள அகச்சிவப்பு உணரிகள், தெறித்து வரும் ஒளியின் அளவைக் கொண்டு கோட்டைக் கண்டறிகின்றன. நுண்கட்டுப்படுத்தியில் பதிக்கப்பட்ட நிரல் இரு சில்லுகளின் வேகத்தையும் அதற்கேற்ப மாற்றுகிறது. சில்லுகளை உயர்த்தி மேசையில் சோதிக்கும்போது அனைத்தும் ஒழுங்காகவே இருக்கும். தரையில் விட்டதும் ரொபோ நின்று நின்று இயங்கும். நிரலில் பிழை தேடியே பல இரவுகள் கழியும். உண்மையில், சுமையுடன் மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில் பெருமளவு மின்னோட்டத்தை இழுப்பதால் மின்னழுத்தம் சரிந்து, நுண்கட்டுப்படுத்தி மீண்டும் மீண்டும் ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருக்கும். மோட்டாருக்குத் தனி மின்கலமோ பொருத்தமான கொள்ளளவியோ இதனைத் தீர்த்துவிடக்கூடும்.

பொறியியல் என்பது இந்த இரவுகளிற்றான் கற்கப்படுகிறது. எனினும், இறுதி அறிக்கையில் இதற்கு இடமிருப்பதில்லை. வெற்றி மாத்திரமே அங்கு எழுதப்படுகிறது.

முறையாகப் பதிவு செய்யப்பட்ட மாணவர் செயற்றிட்டம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இத்தாலியின் இவ்ரேயா நகரம் சான்று. அங்கிருந்த வடிவமைப்பு நிறுவனமொன்றில் பயின்ற கொலம்பியரான ஹெர்னாண்டோ பர்ராகன், 2003 இல் தமது முதுமாணி ஆய்வாக 'வயரிங்' என்ற மின்சுற்றுப் பலகையையும் அதற்கான நிரல் எழுதும் மென்பொருளையும் உருவாக்கினார். அதன் வழியிலேயே 2005 இல் ஆர்டுயினோ பிறந்தது. வரைபடமும் நிரலும் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. அந்த நிறுவனம் இன்று இல்லை. ஆனால், நமது மாணவர்களின் மேசைகளிற்கூட ஆர்டுயினோ பலகை இருக்கிறது.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. ஆர்டுயினோவின் வரலாற்றில் தமக்குரிய இடம் வழங்கப்படவில்லை என்று பர்ராகன் 2016 இல் விரிவாக எழுதினார். ஆய்வேடு இருந்தமையாற்றான் அவரால் அதனை நிறுவ முடிந்தது. பதிவு என்பது பின்வருவோருக்கு வழிகாட்டி மட்டுமன்று. முன்செய்தவனுக்கு உரிமைச் சாட்சியுமாகும்.

2022 இல் டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைக் கடந்தபோது, இறக்குமதியை நம்பியிருக்கும் உணரிகளினதும் பலகைகளினதும் விலை மாணவர்க்கு எட்டாததாயிற்று. இத்தகைய நாட்டில், ஒருவர் எரித்த அதே பாகத்தை அதே தவறினால் இன்னொருவரும் எரிப்பது கல்வியல்ல, விரயம்.

செய்யவேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. தோல்விகளைத் திகதியிட்டு எழுதிய குறிப்பேட்டுக்கும் புள்ளிகள் வழங்கப்பட வேண்டும். மின்சுற்று வரைபடமும் நிரலும் பீடத்தின் பொதுக் களஞ்சியத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். முந்திய அணி விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் முழுமையான செயற்றிட்டமாகவே மதிக்கப்பட வேண்டும். 'புதிய தலைப்பு' என்ற மோகத்தை விரிவுரையாளர்கள் கைவிட்டாலன்றி இது நடவாது. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் எழுதப்படும் அறிக்கையுடன் நான்கு பக்கத் தமிழ்க் குறிப்பொன்றும் சேருமாயின், நமது பாடசாலைகளில் தொழினுட்பம் பயிலும் பிள்ளைகளுக்கும் அது உதவும்.

பத்திரிகையாளர்களுக்கும் இதிற் கடமையுண்டு. 'உலகில் முதன்முறையாக' என்று தலைப்பிடுமுன், இக்கருவி எதைச் செய்யத் தவறியது, எத்தனை நாள் தொடர்ந்து இயங்கியது, இதனை அடுத்து எவர் பொறுப்பேற்கிறார் என்ற மூன்று கேள்விகளையேனும் கேட்கலாம். பதில் சொல்ல இயலாத மாணவனைக் குறைகூற வேண்டியதில்லை. அக்கேள்விகளை அதுவரை அவனிடம் எவருமே கேட்காதிருந்ததுதான் நமது குறை.