பூட்டு கெடவில்லை, சாவிதான் மாறிவிட்டது!

 

திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து சகோதரி ஒருவர் நமக்கு மடல் எழுதியிருக்கிறார். கல்லூரியில் பயிலும் மகளின் மடிக்கணினி இரவில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதாம். காலையில் திறந்து பார்த்தால் வைஃபை அடையாளத்தையே காணவில்லையாம். கடையில் காட்டியபோது, "உள்ளே கார்டு எரிந்துவிட்டது; மாற்ற வேண்டும், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகவும் ஏற்ற வேண்டும்; இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள்" என்றார்களாம். "என் கணவர் சவூதியில் இருக்கிறார். அவருடைய பாஸ்போர்ட், இகாமா நகல்கள், குடும்பத்துப் பெண்களின் நிக்காஹ் நிழற்படங்கள், மகளின் பாட வேலைகள் யாவும் அதற்குள் இருக்கின்றன. அந்நியரிடம் அதை அப்படியே ஒப்படைப்பது சரிதானா?" என்பது அச்சகோதரியின் வினா.

வினா நியாயமானது. இத்தகைய இடையூற்றை இப்போது பல இல்லங்கள் சந்திக்கின்றன. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அதையொட்டிப் பழைய கணிப்பொறிகள் பலவும் விண்டோஸ் 11-க்கு மாற்றப்பட்டன. மாற்றம் நிகழும்போதெல்லாம் இணைப்பு அறுவதும் ஆங்காங்கே நிகழ்ந்துகொண்டுதான் இருக்கிறது.

நாகல் நகர் வாசகர்களுக்குப் பூட்டைக் கொண்டே இதனை விளக்கலாம். திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அப்பூட்டுத் தொழில் நடக்கும் பகுதிகளுள் நாகல் நகரும் ஒன்று. கையால் செய்யப்படும் பூட்டு ஒவ்வொன்றுக்கும் அதன் உள்ளே இருக்கும் நெம்புகோல்களுக்கு ஏற்பவே சாவி அமைகிறது. வேறொரு சாவியை நுழைத்தால் பூட்டு திறவாது. அதற்காகப் பூட்டு பழுது என்று யாரும் கதவை உடைப்பதில்லை.

கணிப்பொறியிலும் நிலைமை இதுவே. வைஃபை அலைகளை வாங்கி அனுப்பும் சிறு அட்டை உள்ளே இருக்கிறது. அது பூட்டு. அந்த அட்டையோடு இயங்குதளம் உறவாடுவதற்கென்று எழுதப்பட்ட சிறு நிரலுக்கு ‘டிரைவர்’ என்று பெயர். அது சாவி. புதுப்பித்தலின்போது இயங்குதளம் பழைய சாவியை எடுத்துவிட்டுத் தான் கொணர்ந்த பொதுச் சாவியை மாட்டிவிடுவதுண்டு. அது பொருந்தாவிடில் அட்டை ஊமையாகிவிடுகிறது. முதல் நாள் இரவு வரை ஒழுங்காய் இயங்கிய அட்டை, சரியாகப் புதுப்பித்தலுக்கு மறுநாள் எரிந்துபோவது அரிது. எனவே முதலில் ஐயுற வேண்டியது சாவியைத்தான்.

பெரிய நிறுவனங்களும் தவறுவதுண்டு

"நாம் எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டோம்" என்று பிள்ளைகளையும் பெண்களையும் கடிந்துகொள்வோர் உண்டு. அது வேண்டாம். 2016 டிசம்பரில் பல நாடுகளில் விண்டோஸ் 10 கணிப்பொறிகள் திடீரென இணைய இணைப்பை இழந்தன. இயங்குதளத்தின் உட்பணி ஒன்று இடையில் நின்றுபோனதால், சில கணிப்பொறிகள் வீட்டு ரவுட்டரிடமிருந்து தமக்குரிய முகவரி எண்ணைப் பெற இயலாமற் போயின. அம்மாதம் 13-ஆம் நாள் வெளியிடப்பட்ட திருத்தத்தில் இக்குறை களையப்பட்டது. 2023 டிசம்பரில் விண்டோஸ் 11 புதுப்பித்தல் ஒன்றினால் சில கணிப்பொறிகள் வைஃபை இணைப்பை இழந்தன. பல்கலைக்கழகங்களிலும் அலுவலகங்களிலும் இருக்கும் பெரிய வலைப்பின்னல்களிலேயே அது மிகுதியும் தலைகாட்டியது. அந்த மாற்றத்தை நிறுவனமே திரும்பப் பெற நேர்ந்தது. 2014 செப்டம்பர் 24 அன்று ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐ.ஓ.எஸ். 8.0.1, புத்தம் புதிய ஐஃபோன் 6 கைப்பேசிகளில் தொலைபேசித் தொடர்பையே துண்டித்தது. சற்று நேரத்திலேயே அது திரும்பப் பெறப்பட்டது. ஆகவே குறை உங்கள் இல்லத்தாருடையதாக இருக்க வேண்டுமென்பதில்லை.

படிப்படியாகச் சோதியுங்கள்

இனி செய்ய வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறோம். எளியதை முதலில் செய்து, அது பலிக்காவிடில் மட்டும் அடுத்ததற்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு படிக்குப் பின்னும் இணைப்பு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதற்படி: குறை எங்கே என்று பிரித்தறிதல். அதே வைஃபையில் உங்கள் கைப்பேசி இயங்குகிறதா என்று பாருங்கள். கைப்பேசிக்கும் இணைப்பு இல்லையெனில் குறை ரவுட்டரிலோ, வெளியிலிருந்து வரும் தடத்திலோ இருக்கிறது. ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் கொடுங்கள். கைப்பேசி இயங்கிக் கணிப்பொறி மட்டும் இயங்கவில்லையெனில் அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: ‘ஏரோப்ளேன் மோட்’ என்னும் விமானப் பயண நிலை தவறுதலாக இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில மடிக்கணினிகளில் வைஃபைக்கென்று பக்கவாட்டில் சிறு பொத்தானோ, விசைப்பலகையில் தனி விசையோ இருக்கும். அதையும் பாருங்கள்.

மூன்றாம் படி: ‘ரீஸ்டார்ட்’ செய்தல். ‘ஷட்டவுன்’ செய்து மீண்டும் திறப்பதும் இதுவும் ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்னும் ஏற்பாடு இருக்கிறது. அது இயங்கும் கணிப்பொறிகள் அணைக்கப்படும்போது இயங்குதளத்தின் உள்நிலையைச் சேமித்து வைத்து, மறுமுறை அதையே எடுத்துக்கொள்கின்றன. அதனால் பழைய குறையும் உடன் வந்துவிடும். ‘ரீஸ்டார்ட்’ செய்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். மேலே சொன்ன 2016 இடையூற்றின்போது மைக்ரோசாஃப்ட் மக்களுக்குக் கூறிய முதல் அறிவுரையும் இதுவேயாகும்.

நான்காம் படி: மின்தேக்கம் வடியச் செய்தல். கணிப்பொறியை அணைத்து, சார்ஜர் கம்பியைக் கழற்றிவிட்டு, திறக்கும் பொத்தானை முப்பது விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பிறகு கம்பியை மாட்டித் திறவுங்கள். காணாமற்போன அட்டை இவ்வளவிலேயே திரும்பி வருவதுண்டு.

நோய்க்குறி என்ன?

இதன் பிறகும் சரியாகவில்லையெனில் நோய்க்குறியைக் கவனியுங்கள்.

அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களெல்லாம் தெரிகின்றன, ஆனால் உங்கள் வீட்டு இணைப்பு மட்டும் ஒட்டவில்லையெனில், அப்பெயரைத் தேர்ந்து ‘ஃபர்கெட்’ என்பதை அழுத்தி, கடவுச்சொல்லைப் புதிதாக இட்டுச் சேருங்கள்.

இணைந்துவிட்டது, ஆனால் பக்கங்கள் திறக்கவில்லையெனில், முதலில் கணிப்பொறியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். தேதி பிறழ்ந்திருந்தால் வங்கி, கல்லூரி போன்ற பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும். அது சரியாக இருந்தால் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘நெட்ஒர்க் அண்ட் இண்டர்நெட்’, அதனுள் ‘அட்வான்ஸ்டு நெட்ஒர்க் செட்டிங்ஸ்’, அதனுள் ‘நெட்ஒர்க் ரீசெட்’ என்று செல்லுங்கள். இது இணைப்புக் கருவிகளை அகற்றி மீண்டும் நிறுவும். உங்கள் படங்களும் ஆவணங்களும் அழியமாட்டா. ஆயின் சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்கள் மறைந்துவிடும். எனவே அவற்றை முன்னதாகத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

வைஃபை என்னும் பகுதியே திரையில் இல்லையெனில் சாவியின் கோளாறாகவே இருக்கும். நாகல் நகர்ச் சகோதரியின் இடையூறும் இவ்வகையைச் சேர்ந்ததே. ‘ஸ்டார்ட்’ பொத்தானை வலப்புறமாக அழுத்தி ‘டிவைஸ் மேனேஜர்’ என்னும் பட்டியலைத் திறவுங்கள். அதில் ‘நெட்ஒர்க் அடாப்டர்ஸ்’ என்பதன் கீழ் வைஃபை அட்டையின் பெயர் இருக்கும். மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி அதன்மீது இருந்தால் டிரைவர் பொருந்தவில்லை என்பது பொருள். அப்பெயரை இருமுறை அழுத்தி, ‘டிரைவர்’ என்னும் பக்கத்தில் ‘ரோல் பேக் டிரைவர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய சாவி மீண்டும் வந்துவிடும். அப்பொத்தான் மங்கலாக இருந்து அழுந்தாவிடில், ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுங்கள். டிரைவரையும் நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் குறியிடாமல் விட்டு, ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். கணிப்பொறி அட்டையைத் தானே கண்டறிந்து மீண்டும் நிறுவும்.

இணையமின்றி இணையத்தைச் சரிசெய்வது எப்படி?

அதுவும் பலிக்கவில்லையெனில் கணிப்பொறியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உரிய டிரைவரை இறக்க வேண்டும். "இணைப்பே இல்லாதபோது எப்படி இறக்குவது?" என்று இவ்விடத்தில் பலர் சோர்ந்துவிடுகின்றனர். வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் சார்ஜ் செய்யும் கம்பியால் கணிப்பொறியோடு இணைத்து, கைப்பேசியின் ‘ஹாட்ஸ்பாட்’ பகுதியில் ‘யு.எஸ்.பி. டெதரிங்’ என்பதை இயக்குங்கள். கம்பி வழியாகவே கணிப்பொறிக்கு இணையம் கிடைத்துவிடும். ரவுட்டரிலிருந்து நேரே கம்பி இழுத்து மாட்டியும் இதைச் செய்யலாம். கணிப்பொறியின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து, அதற்குரிய வைஃபை டிரைவரை நிறுவனத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். டிரைவர் தருவதாகக் கூறும் பிற தளங்கள் பலவற்றில் கேடு விளைவிக்கும் நிரல்கள் ஒளிந்திருக்கும்.

இறுதி வழி, புதுப்பித்தலையே திரும்பப் பெறுதல். ‘விண்டோஸ் அப்டேட்’ பகுதியில் ‘அப்டேட் ஹிஸ்டரி’, அதனுள் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ என்று சென்று, கடைசியாக வந்ததை நீக்கலாம். இயங்குதளமே மாறியிருந்தால் ‘சிஸ்டம்’ பகுதியில் ‘ரெக்கவரி’ என்பதன் கீழ் ‘கோ பேக்’ என்னும் வசதி வழக்கமாகப் பத்து நாட்கள் வரை கிடைக்கும். அதற்குமேல் தாமதித்தால் அவ்வாயில் அடைபட்டுவிடும். இவ்வழிகளில் இறங்குமுன் இன்னொன்றைக் கவனியுங்கள். ‘பிட்லாக்கர்’ என்னும் காப்பு இயங்கும் கணிப்பொறிகள் இத்தகைய மாற்றங்களின்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று கைப்பேசி வழியே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மேலும், பாதுகாப்புப் புதுப்பித்தலை நிரந்தரமாக நிறுத்திவிடலாகாது. சில வாரங்கள் தள்ளிவைத்து, திருத்தம் வந்தபின் ஏற்றுக்கொள்வதே முறை.

கடைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால்

இத்தனைக்கும் பின் ‘டிவைஸ் மேனேஜர்’ பட்டியலில் அட்டையின் பெயரே தோன்றவில்லையெனில், அட்டை உண்மையாகவே பழுதாகியிருக்கலாம். அப்போதும் எல்லாவற்றையும் அழிக்கத் தேவையில்லை. வெளிப்புறத்தில் செருகும் யு.எஸ்.பி. வைஃபை கருவி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. வைஃபை போய்விட்டது என்பதற்காக மட்டும் யாரேனும் ‘ஃபார்மட்’ செய்யச் சொன்னால், "ஏன்?" என்று கேளுங்கள். தக்க விடை கிடைக்காவிடில் கணிப்பொறியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கொடுத்தேயாக வேண்டுமென்றால் முதலில் ஆவணங்களையும் படங்களையும் வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து, கணிப்பொறியிலிருந்து அவற்றை நீக்கிவிடுங்கள். கடவுச்சொல்லை எழுதிக் கொடுக்காதீர்கள். இயன்றவரை வீட்டு ஆடவர் ஒருவரோ, விவரமறிந்த பெண்மணி ஒருவரோ அருகில் அமர்ந்து, தாமே கடவுச்சொல்லை இட்டு, வேலை முடியும்வரை இருப்பது நலம். மாற்றிய பழைய அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

பிறர் இல்லத்துள் அனுமதியின்றி நுழையலாகாது என்பது திருமறையின் கட்டளை (24:27). இன்று ஓர் இல்லத்தின் உள்ளறை முழுவதும் ஒரு மடிக்கணினிக்குள் அடங்கிவிடுகிறது. அதைத் திறந்து பார்ப்பதும் உள்ளறையை எட்டிப் பார்ப்பதும் வேறு வேறல்ல. நம் சமுதாயத்து இளைஞர்கள் பலர் கணிப்பொறி, கைப்பேசி பழுது பார்க்கும் தொழிலில் இருக்கின்றனர். அவர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. வாடிக்கையாளர் தந்த பெட்டி உங்களிடம் அமானிதம். அதில் உள்ளவற்றைப் பாராதிருப்பதும் அமானிதத்தைப் பேணுவதே. இல்லாத பழுதைச் சொல்லாதிருப்பதும் அமானிதத்தைப் பேணுவதே. பத்து நிமிட வேலைக்குப் பத்து நிமிடக் கூலி பெறுவது ஹலாலான சம்பாத்தியம். நேர்மையாளர் என்று பெயரெடுத்த கடைக்குத் தெரு முழுவதும் தேடி வரும்.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வரிசையை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். ஒருமுறை உங்கள் கைகளாலேயே செய்து பார்த்துவிட்டால், அடுத்த முறை பதற்றம் எழாது. அண்டை வீட்டாருக்கும் கற்றுக்கொடுங்கள். அறிந்ததைப் பிறர்க்கு எடுத்துரைப்பதும் தர்மமே.

புதுப்பித்தலுக்கு முன்பே ஆவணங்களை நகலெடுத்துக் காத்துக்கொள்ளும் முறைகளை இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் காண்போம். வஸ்ஸலாம்.