பரீட்சை நேரத்தில் கதை படித்தால் குடி முழுகிவிடாது

குன்னம் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். பொதுத்தேர்வுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. பிளஸ் டூ படிக்கும் பெண் விடியற்காலை ஐந்து மணியிலிருந்து வேதியியலோடு மல்லுக்கட்டிவிட்டு, பதினோரு மணிக்குப் புத்தகத்தை மூடி வைத்தாள். அட்டை கிழிந்த ராஜேஷ்குமார் நாவல் ஒன்றை எடுத்தாள். பத்துப் பக்கம் ஓடியிருக்காது, தாய்மாமன் உள்ளே வந்துவிட்டார். "ஏம்மா, பரீட்சைய வச்சிக்கிட்டு கதப் புத்தகமா படிக்கிற?" என்று பிடுங்கிப் பரண்மேல் வீசினார். அம்மாவும் பாட்டியும் பக்கத்து வீட்டு ஆசிரியரும் சரிதான் என்று தலையாட்டினார்கள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வேதியியல் புத்தகத்தை மறுபடி விரித்துக்கொண்டாள். முக்கால் மணி நேரம் கழித்து நான் கிளம்பும்போதும் அதே பக்கம்தான் திறந்திருந்தது. ஓரத்தில் பேனாவால் கட்டம் கட்டமாகக் கிறுக்கியிருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஒரு வீட்டு விவகாரம் என்றால் விட்டுவிடலாம். வேப்பந்தட்டை, செந்துறை, ஆண்டிமடம் என்று எங்கே போனாலும் பொங்கல் முடிந்த கையோடு இதே கெடுபிடிதான். கதை படித்தால் கவனம் சிதறுமாம், மார்க் குறையுமாம், புத்தி கெட்டுப்போகுமாம். யார் கண்டது? ராஜேஷ்குமாரையும் ரமணிசந்திரனையும் படித்ததால் ஃபெயிலான ஒரு பிள்ளையை எனக்குக் காட்டுங்கள். கணக்கு வாத்தியார் இல்லாத பள்ளியில் ஃபெயிலான பிள்ளைகளை நான் காட்டுகிறேன். தினம் இரண்டு பஸ் மாறி வந்து சோர்ந்துபோன பிள்ளைகளையும், பருத்திக் காட்டு வேலைக்குப் போய்விட்டு வந்து படித்த பிள்ளைகளையும் காட்டுகிறேன். கதைப் புத்தகத்தால் கெட்டவன் ஒருவனைக் காட்டுங்கள், போதும்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பையன் வளர்ந்தான். பெரம்பலூரில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், சென்னை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல், அப்புறம் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர் வேலை. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு அவருக்கு உண்டு. ரங்கராஜன் என்ற அவர்தான் எழுத்தாளர் சுஜாதா. கணேஷையும் வசந்தையும் வைத்துக் கொலைக்கதை எழுதியவர், குமுதத்தில் 'நைலான் கயிறு' எழுதியவர். துப்பறியும் கதையைப் படித்தாலே மூளை மழுங்கும் என்றால், நூற்றுக்கணக்கில் கதை எழுதியவருக்கு மூளை எங்கே மிஞ்சியிருக்க வேண்டும்? தேர்தலுக்குத் தேர்தல் போய்ப் பொத்தானை அழுத்திவிட்டு வருகிறீர்களே, அந்த இயந்திரத்தில் ஒரு கதைக்காரரின் உழைப்பு இருக்கிறது. மகளின் கையிலிருந்து நாவலைப் பிடுங்குமுன் அதை ஒரு நிமிடம் யோசியுங்கள்.

சரி, பிடுங்கியாயிற்று. அப்புறம் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது? ஆறு மணி நேரம் கரிம வேதியியல் படித்த தலை எதையாவது கேட்கத்தான் செய்யும். புத்தகம் இல்லையென்றால் செல்போன் வந்துவிடும். ஆன்லைன் டெஸ்ட், வாட்ஸப்பில் வரும் நோட்ஸ் என்று சொல்லி நாமே வாங்கிக் கொடுத்த செல்போன்தான். அதில் ரீல்ஸ் தள்ள ஆரம்பித்தால் முடிவே கிடையாது. நாவலில் அத்தியாயம் முடியும், கொலைகாரன் யாரென்று தெரியும், மனசு ஒரு இடத்தில் வந்து நிற்கும். எழுந்து முகம் கழுவிவிட்டுப் படிக்க உட்காரலாம். ஒன்றரை நிமிட வீடியோக்களை நூறு பார்த்தவன் எங்கே வந்து நிற்பான்? அதே வீட்டின் கூடத்தில் ராத்திரி ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை டிவி சீரியல் தெருவுக்கே கேட்கிறது. அதனால் கவனம் சிதறாது, பத்துப் பக்கம் நாவலால் சிதறிவிடும் என்று நம்புகிற பெரியவர்களிடம் என்ன பேசுவது?

இன்னொரு கொடுமை பாடப்புத்தகத்துக்குள்ளேயே நடக்கிறது. 2019இல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் கி.ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலிலிருந்து ஒரு பகுதியை விரிவானமாக வைத்தார்கள். 1991இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நாவல். பசியில் துவண்டு கிடக்கும் ஒருவனுக்கு அன்னமய்யா கஞ்சி வாங்கிக் கொடுக்கும் இடம் அது. படித்தால் தொண்டை அடைக்கும். பிள்ளைகளுக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது? கைடைத் திறந்தால் முன்னுரை, நான்கு உட்தலைப்பு, முடிவுரை. அன்னமய்யாவின் பெயருக்கும் செயலுக்கும் உள்ள பொருத்தத்தை எழுது, மார்க் வாங்கு. முழு நாவலையும் தேடிப் படிக்க ஒரு பிள்ளை ஆசைப்பட்டால், "பரீட்சை முடியட்டும்" என்கிறோம். பத்தாம் வகுப்பு முடிந்தால் பிளஸ் ஒன், அதற்குப் பின்னால் பிளஸ் டூ, நீட், கல்லூரி செமஸ்டர். நம் ஊரில் பரீட்சை எப்போது முடிந்திருக்கிறது?

கல்லூரி முடிந்தபிறகும் முடியவில்லை. அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு வந்து நிற்கிறது. 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் நாற்பது விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற பகுதியையே திருத்தமாட்டார்கள். அந்தத் தமிழ்ப் பகுதிக்காக எந்த நாவலை யார் எழுதினார், எந்தப் புனைபெயர் யாருக்குரியது என்று நம் இளைஞர்கள் பட்டியல் போட்டு உருப்போடுகிறார்கள். அரியலூரில் ஒரு பயிற்சி மையத்துப் பையனிடம் பேசிக்கொண்டிருந்தேன். அகிலனின் நூல்களைக் கடகடவென்று ஒப்பித்தான். எதைப் படித்தாய் என்று கேட்டேன். "படிக்கல சார், அதுக்கு ஏது டைம்?" என்றான். ஜெயங்கொண்டத்துக்காரன் அவன். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' ராஜேந்திர சோழனைப் பற்றிய நாவல், 1963இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அந்த ராஜேந்திரன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம் அவன் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். உள்ளூர் ராஜாவைப் பற்றிய நாவலின் பெயர் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பரீட்சைக்காகக் கதை படிக்காதே என்று பத்து வருடம் சொல்லி வளர்த்தால், பரீட்சையிலேயே வரும் கதைகூட அவனுக்கு அந்நியமாகிவிடுகிறது.

நடுவில் ஒரு சமாதானக் கூட்டம் உண்டு. "படிக்கட்டும், ஆனா உருப்படியானதா படிக்கட்டும்" என்பார்கள். 'அக்னிச் சிறகுகள்' வாங்கிக் கொடுப்பார்கள். நல்ல புத்தகம்தான், நானும் பலருக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நாள் முழுக்க முன்னேறு முன்னேறு என்று கேட்டுக் காது புளித்த பிள்ளைக்கு இளைப்பாறவும் முன்னேற்றப் புத்தகமா? வயல்வேலை செய்துவிட்டு வந்தவனிடம் ஓய்வுக்குக் கொஞ்சம் மண்வெட்டி பிடி என்பீர்களா? களைத்த மனசுக்கு லேசான கதை வேண்டும். இரும்புக்கை மாயாவி வேண்டும், பேய்க்கதை வேண்டும், கடைசிப் பக்கத்தில் கல்யாணத்தில் முடியும் காதல் கதை வேண்டும். அதை வெட்கப்படாமல் சொல்வோம். அந்தப் பெண்ணின் கையில் இருந்தது உலக இலக்கியம் என்று நான் வாதாட வரவில்லை. அது ராஜேஷ்குமார்தான், அதனால்தான் அது அந்த நேரத்துக்குச் சரியான புத்தகம். மறுபடியும் சொல்கிறேன், வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேலைசெய்த கையே இந்த வகைக் கதைகளையும் எழுதியிருக்கிறது. அவருக்கு இழிவாகத் தெரியாதது நமக்கு எப்படி இழிவாகிவிட்டது?

இதில் என் மனதை மிகவும் அறுப்பது வேறொன்று. குழுமூர் அனிதாவின் அரியலூர் மாவட்டம் நம் பக்கம்தான். பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த பெண், நீட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போன பெண். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறோம். அந்த மண்ணில் இருந்துகொண்டு, பரீட்சையைத் தவிர உலகில் வேறொன்றும் இல்லை என்று இன்னொரு பிள்ளையிடம் சொல்ல நமக்கு எப்படி வாய் வருகிறது? பி.இ.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுத்தாயிற்று. பாட்டும் ஓவியமும் கால அட்டவணையில் பெயருக்கு நிற்கின்றன. விடுதிப் பள்ளிகளில் பெட்டியைச் சோதித்துக் கதைப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைக்கு மூச்சுவிட மிச்சமிருப்பது அரைமணி நேரம். அதையும் பிடுங்குவதைக் கண்டிப்பு என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

தரேஸ் அகமது ஆட்சியராக இருந்த காலத்தில் பெரம்பலூரில் புத்தகத் திருவிழா தொடங்கியது. பிறகு அரியலூரிலும் நடக்கிறது. மேடையில் எல்லாரும் வாசிப்பைப் போற்றிப் பேசுகிறார்கள். கீழே அரங்கில் ஒரு அப்பா, காமிக்ஸை எடுத்த மகனின் கையைத் தட்டிவிட்டு, "டென்த் கைடு எங்க இருக்கு?" என்று கேட்கிறார். இதை என் கண்ணால் பார்த்தேன்.

1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். நம் காசில் வாங்கிய நாவல்கள் நூலகத்தில் இருக்கின்றன. பள்ளிகளிலும் பீரோ நிறையக் கதைப் புத்தகம் இருக்கிறது. டிசம்பர் வந்ததும் அந்தப் பீரோவைப் பூட்டிவிடுவதுதான் பல பள்ளிகளில் வழக்கம். தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் அதைத் திறந்து வையுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளையும் பிளஸ் டூ பிள்ளையும் வந்து கேட்டால், எதற்கு என்று விசாரிக்காமல் ஒரு புத்தகம் எடுத்துக் கொடுங்கள்.