காண விழையும் பாலம்

உலகப் புகழ்பெற்ற இடங்களை என்றேனும் ஒருநாள் கண்டுவிட வேண்டும் என்னும் வேட்கை கற்றோர் நெஞ்சில் இயல்பாக எழுவதாகும். எங்கே செல்ல விருப்பம் என்று மாணவரைக் கேட்டால், ஈபிள் கோபுரம், எகிப்தின் பிரமிடுகள், சீனப் பெருஞ்சுவர், கிரானடாவின் அல்ஹம்பிரா அரண்மனை எனப் பட்டியல் நீளும். அவை யாவும் காணத் தக்கவையே. ஆயினும் அப்பட்டியலின் முதலிடத்தை ஒரு சிறிய பாலத்திற்கு அளிக்க வேண்டும் என்பது என் கருத்து. போஸ்னியா-ஹெர்சகோவினா நாட்டில், நெரெத்வா ஆற்றின் குறுக்கே நிற்கும் மோஸ்தார் நகரத்துப் பழைய பாலமே அது.

உதுமானியப் பேரரசர் சுலைமானின் ஆணைப்படி, கட்டடக் கலைஞர் சினானின் மாணாக்கரான ஹைருத்தீன் 1566ஆம் ஆண்டில் இதனைக் கட்டி முடித்தார். நடுவே தூண் ஏதுமின்றி, ஏறத்தாழ 29 மீட்டர் தொலைவை ஒரே வளைவாக அது கடக்கிறது. கற்களை இரும்புப் பட்டைகளால் பிணைத்து, உருக்கிய ஈயத்தை ஊற்றி இறுக்கினர். சாரத்தைப் பிரிக்கும் நாளில் பாலம் சரிந்துவிடுமோ என அஞ்சிய ஹைருத்தீன், தமக்குத் தாமே குழி வெட்டிக்கொண்டார் என்பது வழிவழி வரும் கதை. பாலம் சரியவில்லை, 427 ஆண்டுகள் நின்றது. பாலக் காவலரைக் குறித்த 'மோஸ்தாரி' என்னும் சொல்லிலிருந்தே ஊரும் பெயர் பெற்றது.

வெள்ளமும் காலமும் வீழ்த்த இயலாத அப்பாலத்தை மனிதப் பகை வீழ்த்தியது. போஸ்னியப் போரின்போது, 1993 நவம்பர் 9 அன்று, போஸ்னிய குரோவாசியப் படையினரின் பீரங்கிக் குண்டுகளுக்கு இரையாகி அது ஆற்றில் விழுந்தது. போருக்குப் பின் ஹங்கேரிய இராணுவத்தினர் நீரில் மூழ்கிக் கற்களை மீட்டனர். அவை சிதைந்திருந்தமையால், அதே வகைக் கல்லைப் புதிதாக வெட்டி, பழைய முறையிலேயே பாலத்தை எழுப்பினர். 2004 சூலை 23 அன்று அது திறக்கப்பெற்றது.

"புதிதாகக் கட்டிய ஒன்றைக் காண அவ்வளவு தொலைவு செல்வானேன்?" என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் யுனெஸ்கோ நிறுவனம் 2005ஆம் ஆண்டில் இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது கல்லின் பழமையைக் கருதியன்று. இணக்கத்தின் அடையாளமாக அது நிற்பதைக் கருதியே. பழைமையைக் காணப் பல இடங்கள் உண்டு. உடைத்தவற்றை மனிதர் மீண்டும் ஒட்டவைக்க முயன்ற இடங்களோ மிகச் சிலவே.

முயன்ற இடம் என்றே கூறுகிறேன். வென்ற இடம் என்று கூறவில்லை. பாலம் எழுந்த பின்னரும் அந்நகரில் போஸ்னியாக்கு, குரோவாசிய இனப் பிள்ளைகள் தனித்தனிப் பாடத்திட்டங்களில் பயிலும் நிலை தொடர்கிறது. கற்பாலத்தை மூன்றாண்டுகளில் கட்டி முடித்தனர்; மனப்பாலத்திற்கு ஒரு தலைமுறையும் போதவில்லை.

இடித்தவர் எவ்வினத்தார் எனக் கணக்கெடுத்து ஆறுதல் கொள்வதிலும் பயனில்லை. மோஸ்தாரில் முஸ்லிம் பேரரசர் தந்த பாலத்தை வேறொரு சமயத்தார் தகர்த்தனர். பாமியானிலோ, 55 மீட்டரும் 38 மீட்டரும் உயர்ந்து நின்ற புத்தர் சிலைகளை 2001 மார்ச்சில் தாலிபான்கள் தகர்த்தனர். முன்னதற்கு வருந்துவோர் பின்னதற்கும் வருந்துதல் கடன். ஒன்றற்கு மட்டும் கண்ணீர் சிந்துவது நீதியாகாது.

மாணவச் செல்வங்களே, காண விரும்பும் இடங்களை உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள். நாம் செல்லும்வரை அவை நமக்காகக் காத்திருக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். பிறர் மரபைத் தம் மரபெனப் போற்றுவோர் இருக்கும்வரையே அவை நிற்கும். அங்குச் செல்லும் வாய்ப்பு நம்மில் சிலர்க்கே கிட்டும். அவ்வாறு போற்றும் உள்ளமோ இங்கிருந்தபடியே எல்லார்க்கும் கைகூடும்.