முதுவட்டக்கல்

கோரிப்பாளையத்தில் பஸ் ஏறும்போதுதான் என் வயது எனக்குத் தெரிந்தது. படியில் வைத்த கால் உடம்பைத் தூக்க மறுத்துவிட்டது. பின்னால் நின்ற இளைஞன் ஒருவன் இடுப்பில் கை கொடுத்து, மூட்டையை ஏற்றுவது போல என்னை ஏற்றினான். "ஐயா, இந்த வயசுல எதுக்குத் தனியா வர்றீங்க? வீட்டுல பேசாம உக்காந்திருக்கலாம்ல?" என்று அன்பாகத்தான் கேட்டான். அந்த அன்பின் மீதுதான் எனக்குக் கோபம்.

நம் வீடுகளில் அறுபதைத் தாண்டியவருக்குக் கிடைக்கும் மரியாதை என்ன? ஒரு நாற்காலி. "அப்பா, குடத்தைத் தொடாதீங்க, அம்மா, குனியாதீங்க" என்கிறார்கள் பிள்ளைகள். நாமும் பூரித்துப்போய் உட்காருகிறோம். வேலை கொடுக்காத தசை கரைகிறது. ஒருநாள் குளியலறையில் கால் தடுக்குகிறது, இடுப்பெலும்பு முறிகிறது. பழியை விதியின் தலையில் போட்டுவிடுகிறோம்!

"கிழ உடம்பில் இனிப் பலம் ஊறுமா?" என்பவர்களுக்கு ஒரு செய்தி. மரியா ஃபியாட்டரோன் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு, காலை நீட்டிப் பளுவைத் தூக்கும் பயிற்சி அளித்தார்கள். அத்தனை பேரும் முதியோர் விடுதியில் இருந்தவர்கள். எட்டு வாரத்தை முடித்த ஒன்பது பேருக்கும் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடிற்று. இந்த ஆய்வு வெளிவந்தது 1990-ல். நாம் இன்னும் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம்.

"தினமும் நடக்கிறேனே, போதாதா?" என்பீர்கள். நடை நல்லது, இருதயத்துக்கு உகந்தது. ஆனால் தரையிலிருந்து கையூன்றாமல் எழுந்திருக்கும் பலத்தை நடை மட்டும் தந்துவிடாது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-ல், 65 வயதைக் கடந்தவர்களும் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்றது.

இந்தச் சீமையின் கிராமங்களில் இளவட்டக்கல் கிடக்கிறது. வாலிபன் பலத்தைக் காட்ட ஒரு கல் வைத்த நாம், கிழவனுக்கு ஒரு முதுவட்டக்கல் வைக்க மறந்துவிட்டோம்.

என் முதுவட்டக்கல் ஒரு துணிப்பையில் கட்டிய மணல். டாக்டரைக் கேட்டுவிட்டு, இரண்டு கிலோவில் தொடங்கினேன். மூச்சை அடக்காமல் தூக்குகிறேன். கைபிடிக்காமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். பஸ் படி இன்னும் உயரமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் காலால் ஏறுகிறேன். என் இடுப்பில் கை வைக்க யாரையும் விடுவதில்லை.